மண் தெரியாத மூலை

சங்கிலியம்மாளுக்கு ஊர் வெயில் பழக்கமில்லை என்று சொன்னால் அனுமந்தன்பட்டியில் சிரிப்பார்கள். பக்கத்துத் தெருவில் பிறந்து, இந்தத் தெருவில் வாக்கப்பட்டு, இங்கேயே நாற்பத்தேழு வயதைக் கழித்தவளுக்கு வெயில் பழகாமல் வேறு என்ன பழகியிருக்கும்? ஆனால் உட்கார்ந்து யோசித்தால் அதுதான் உண்மை. இருபது வயதில் மலைமேல் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போக ஆரம்பித்தவள் அவள். விடியுமுன் ஜீப் வந்து தெருமுக்கில் நின்று ஹார்ன் அடிக்கும். பதினெட்டுப் பெண்கள் அதற்குள் எப்படி ஏறினார்கள் என்பது ஏறியவர்களுக்கே தெரியாது. கம்பம் தாண்டி, மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்துப் பக்கம் போய் இறங்கினால் நாள் முழுக்க நிழல்தான். திரும்ப ஊருக்குள் கால் வைக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் வெயில் கிடைக்கும். அதையும் துணி துவைப்பதிலும் தூங்குவதிலும் தீர்த்துவிடுவாள்.

இப்படி இருபத்தேழு வருஷம். தன் வீடு மத்தியானத்தில் எப்படி இருக்கும் என்பதே அவளுக்குச் சரியாகத் தெரியாது.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் ஆனி மாதச் சாரலில், காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கும்போது கால் வழுக்கியது. மூட்டையைக் காப்பாற்றிவிட்டாள், முழங்காலைக் காப்பாற்றவில்லை. உத்தமபாளையத்து டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் மேடு பள்ளம் ஆகாது என்று சொன்னார். மேடு பள்ளம் இல்லாத மலையை அவள் எங்கே போய்த் தேடுவாள்? அன்றோடு மலை முடிந்தது.

வீட்டில் இருந்த முதல் மாதம் அவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. விடியுமுன் முக்கில் ஜீப் ஹார்ன் கேட்கும். எழுந்து உட்கார்ந்துவிடுவாள். சத்தம் தேய்ந்து போகும்வரை அப்படியே இருப்பாள். பிறகு வெயில் ஏறும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை பத்து மணிக்கெல்லாம் காய ஆரம்பித்து, பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள் இருப்பதும் அடுப்புக்குள் இருப்பதும் ஒன்றாகிவிடும். புருஷன் முத்துவீரன் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவான். மகன் சூரியபிரகாஷ் திருப்பூரில் பனியன் கம்பெனியில். பேச ஆளில்லாமல், காலை இழுத்துக்கொண்டு ஒருநாள் கொல்லைப்பக்கம் போனாள். அங்கேதான் அந்த மூலையைப் பார்த்தாள்.

பார்த்தாள் என்றால், அதுவரை பார்த்ததில்லை என்று அர்த்தமில்லை. தினமும் கூட்டுகிற இடம்தான். ஆனால் கூட்டுகிற கண் வேறு, உட்கார இடம் தேடுகிற கண் வேறு. கொல்லையின் கன்னிமூலை அது. தெற்கிலும் மேற்கிலும் மூடிக்கிடந்த ஒரு பழைய அரிசி ஆலையின் பின்சுவர் உயரமாக நின்றது. சுவரை ஒட்டி யாரும் நடாமல் தானாக வந்த வேப்பமரம் ஒன்று. மேற்கே இருந்து வரும் சாரலைச் சுவர் மறித்துவிடும். வேறு பக்கத்து மழையை மரம் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். மிஞ்சி விழுகிற சொட்டையும் வேர் குடித்துவிடும். மழைகூட எட்டிப் பார்க்காத இடம். புல் கிடையாது, பூண்டு கிடையாது. வெள்ளை வெளேரென்று இறுகிய தரை. ஆனால் நிழல் இருந்தது. சங்கிலியம்மாள் ஒரு சாக்கை விரித்து மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவுடன் அழுகை வந்தது. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. அழுதுவிட்டுத் தூங்கிப்போனாள்.

அந்தத் தூக்கத்தில் மலை வந்தது. ஆளுயர ஏலத்தட்டைகளுக்கு நடுவே குத்த வைத்து உட்கார்ந்து, தூரில் தரையோடு படர்ந்திருக்கும் சரங்களில் பழுத்த காயை மட்டும் விரல் தடவி எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பனி இறங்கி எதிர்ச் சரிவு மறைந்துபோனது. பக்கத்து வரிசையில் யாரோ சிரித்தார்கள். கண் விழித்தபோது காக்கா ஒன்று ஆலைச் சுவரில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து மத்தியானம் என்றால் அந்த மூலைதான். சாக்கு போய்ப் பழைய பாய் வந்தது, பாயோடு தண்ணீர்ச் செம்பு வந்தது. முத்துவீரன் ஒருநாள் சாப்பாட்டுக்கு வீடு வந்து தேடிவிட்டு, கொல்லையில் கண்டுபிடித்தான்.

"ஏ புள்ள, இங்கன என்ன பண்ணுற?"

"நெழலு நல்லாருக்கு."

அவனும் மூலையைச் சுற்றிப் பார்த்தான். பார்த்த பார்வையில் நிழல் இல்லை, அளவு இருந்தது. பன்னிரண்டடிக்குப் பத்தடி. திராட்சைப் பெட்டியும் மருந்தடிக்கிற மிஷினும் வாசலில் கிடந்து மழையில் நனைகின்றன. இந்த மரத்தை எடுத்துவிட்டால் ஒரு ஷெட் போடலாம். கன்னிமூலை வெறுமனே கிடப்பதும் வீட்டுக்கு ஆகாது என்று அவனுடைய அக்கா பொன்னாத்தாள் எதிர்வீட்டிலிருந்து பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"மரம் வெட்டுற ஒச்சாண்டிகிட்டச் சொல்லி இத எடுத்துரலாம்" என்றான், ஏதோ ஒட்டடை அடிக்கலாம் என்பதுபோல.

சங்கிலியம்மாள் கல்யாணமான நாளிலிருந்து அவன் சொல்லுக்கு மறுசொல் சொல்லாதவள் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். நிறையச் சொல்லியிருக்கிறாள். ஆனால் தனக்கென்று ஒன்றை இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்டாள்.

"மரத்த எடுக்காதீக. இந்த எடத்த எனக்கு விடுங்க. நான் இங்கன செடி வைக்கப் போறேன்."

முத்துவீரன் சிரித்தான். அவன் கேலியாகச் சிரிப்பவன் இல்லை. இது தொழில் தெரிந்தவனின் சிரிப்பு. முப்பது வருஷமாக மண்ணோடு மல்லுக்கு நிற்பவன். "இங்கனயா? எருக்குகூட மொளைக்காத எடம் இது. வெயிலும் இல்ல, தண்ணியும் இல்ல. எது இருந்து செடி வளரும்?"

"நான் வளத்துக் காட்டுறேன்."

"சரி. வர்ற வைகாசிக்குள்ள இந்த மூலையில ஏதாச்சும் ஒண்ணு உசுரோட நின்னுச்சுன்னா மரம் நிக்கட்டும். இல்லேன்னா ஒச்சாண்டி வருவான். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

அப்போது ஐப்பசி. வைகாசிக்கு ஏழு மாதம் இருந்தது. தோட்ட வேலையில் இருபத்தேழு வருஷம் ஊறியவளுக்கு ஒரு செடி வளர்க்க ஏழு மாதம் போதாதா என்று சங்கிலியம்மாள் உள்ளுக்குள் கொஞ்சம் தெனாவெட்டாகவே இருந்தாள்.

என்ன செடி என்பதிலும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. நிழலில் வளர்வது ஏலம். இங்கே நிழல் இருக்கிறது. முடிந்தது விஷயம். மூன்றாம் வீட்டு இன்னாசியம்மாள் இன்னும் மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே ஜீப்பில் ஒரே நாளில் முதன்முதலாக ஏறியவர்கள். சூப்பர்வைசரிடம் சொல்லி இரண்டு ஏலத்தட்டையை வேரோடு வாங்கி, ஈரச்சாக்கில் சுற்றி, சோற்றுவாளியோடு மடியில் வைத்துக் கொண்டுவந்தாள் இன்னாசியம்மாள்.

"பிள்ளையத் தூக்கிட்டு வந்த மாதிரி வந்தேன்டி. மெட்டு வளைவுல டிரைவரு போட்ட போடுல எனக்கே வாந்தி. இதுக்கு ஒண்ணுமே ஆகல" என்று கொடுத்தாள்.

சங்கிலியம்மாள் குழி எடுத்தாள். தரை கடப்பாரையைத் திருப்பி எறிந்தது. எப்படியோ ஒரு முழம் தோண்டி, சாணி போட்டு நட்டாள். காலையில் அரிசி கழுவிய தண்ணீர், மத்தியானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேதான். ஊற்றிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடுவதுபோல நாலாபக்கமும் ஓடியது. மிச்சத்தை மண் உறிஞ்சியது. முதல் பத்து நாள் தட்டை பச்சையாக நின்றது. பதினைந்தாம் நாள் இலை நுனி காய்ந்தது. கார்த்திகை முடிவதற்குள் இரண்டும் பழைய விளக்குமாறு போல நின்றன.

அடுத்து காபி வந்தது. நான்கு இலை விட்ட அழகான நாற்று. மார்கழியில் பனி பெய்ததால் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்து, தை பிறந்ததும் இலையைக் கொட்டியது. அதன்பின் வேப்பமரத்தின் மேல் ஏற்றிவிடலாம் என்று மிளகுக்கொடி. அது மரத்தைத் தொடக்கூட இல்லை.

ஒவ்வொன்று காயும்போதும் சங்கிலியம்மாள் யாரிடமும் சொல்லாமல் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். ஏலத்தட்டையை மட்டும் எரிக்க மனசு வரவில்லை. கூரைக்கும் சுவருக்கும் இடையில் சொருகி வைத்தாள். மத்தியானத் தூக்கத்தில் இப்போதெல்லாம் மலை வருவதும் குறைந்துவிட்டது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. முகங்கள்கூட மறக்கட்டும், அந்த வாசம் மறந்துவிடுமோ என்று பயந்தாள். ஏலக்காய் வாசம் என்றால் டப்பாவைத் திறந்து மோந்துகொள்ளலாம். அவள் சொல்வது அது இல்லை. காலையில் ஜீப்பிலிருந்து இறங்கித் தோட்டத்துக்குள் முதல் அடி வைக்கும்போது வருமே, அது. அதற்குப் பேர் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாசி பிறந்தது. வேப்பமரம் இலை உதிர்க்க ஆரம்பித்தது. கூட்டக் கூட்ட விழுந்தது. சங்கிலியம்மாள் கூட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கூட்டிய இடத்தில் சோற்றைக் கொட்டி அள்ளிச் சாப்பிடலாம். மலைக்குப் போன காலத்தில்கூட ஜீப் வருமுன் எழுந்து வாசலையும் கொல்லையையும் கூட்டித் தெளித்துவிட்டுத்தான் போவாள். கூட்டாத வீட்டில் விளக்கேற்ற மாட்டாள். இப்போது கால் வலித்தாலும் தினமும் இரண்டு வேளை அந்த மூலையைக் கூட்டி, சருகைச் சுவரோரம் குவித்துத் தீ வைத்தாள். தன் செடிகளுக்கு இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா?

ஒருநாள் அப்படிக் கூட்டிக் களைத்து, விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே மரத்தில் சாய்ந்தாள். கண் சொருகியது. ரொம்ப நாளைக்குப் பிறகு மலை வந்தது. இந்த முறை அவள் காய் எடுக்கவில்லை. சருகு அள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் அணைத்து அள்ளி, ஒவ்வொரு தூரைச் சுற்றியும் போட்டு, காலால் லேசாக மிதித்து நகர்ந்தாள். மேட்டில் நின்ற மலையாளத்து சூப்பர்வைசர் வழக்கம்போலக் கத்தினார்: "மண்ணு காணான் பாடில்லா! மண்ணு காணான் பாடில்லா!" மண் கண்ணில் படக் கூடாது என்பதற்கு அவர் பாஷை அது. வருஷம் தவறாமல் கேட்டது. கனவில் அவர் மேட்டிலிருந்து இறங்கி, அவள் பக்கம் வந்து, அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கையில் விளக்குமாறு.

விழித்துவிட்டாள். எதிரே அவள் கூட்டிய தரை வெள்ளையாக மின்னியது. முழுக்க முழுக்க மண். ஒரு சருகு இல்லை. சுவரோரம் சருகுக் குவியல் புகைந்துகொண்டிருந்தது.

"அடிப் பாவி" என்று தன்னையே சத்தமாகத் திட்டிக்கொண்டாள்.

ஊரான் தோட்டத்தில் இருபத்தேழு வருஷம் மண்ணுக்குப் போர்த்திவிட்டவள், தன் வீட்டு மண்ணை இருபத்தேழு வருஷம் தினமும் உரித்துப் போட்டிருக்கிறாள். மலையில் ஈரம் நின்றது மேலே நிழல் இருந்ததால் அல்ல. கீழே சருகு இருந்ததால்தான் ஈரம். அது அவள் கைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கொல்லைக்குள் வந்ததும் கை வேறு கையாகிவிட்டது. அங்கே சருகு என்பது வேலை; இங்கே சருகு என்பது குப்பை. சங்கிலியம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. காலை நொண்டிக்கொண்டே போய் செம்புத் தண்ணீரை எடுத்துப் புகைந்துகொண்டிருந்த குவியலில் ஊற்றி அணைத்தாள்.

மறுநாள் காலை அவள் வாசலைக் கூட்டினாள், கொல்லையைக் கூட்டினாள், மூலைக்கு முன்னால் வந்து விளக்குமாற்றை நிறுத்திவிட்டாள். அது லேசான காரியம் இல்லை. கை பரபரத்தது. அடுத்தவர் கண்ணுக்குத் தெரியுமோ என்று வெட்கமாக இருந்தது. ஒரு வாரத்தில் மூலை கணுக்கால் உயரம் மூடியது. இருந்தது போதாதென்று தெருவில் கிடந்த சருகையும் சாக்கில் அள்ளி வந்து கொட்டினாள்.

பொன்னாத்தாள் சும்மா இருப்பாளா? எதிர்வீட்டிலிருந்து வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏத்தா சங்கிலி, ஊருல எல்லாரும் குப்பைய வெளிய போடுவாக. நீ உள்ள கொண்டாந்து போடுற. கன்னிமூலையில போயி குப்பையா? வெளங்குமா வீடு? பாம்பு வந்து அடையும், பாத்துக்க."

"பாம்புக்கு நான் கம்பு வச்சிருக்கேன் மதினி. தெனமும் தட்டிப் பாத்துட்டுத்தான் கால வைக்கிறேன். மலையில அட்டையும் பாம்பும் பாக்காதவளா நான்?"

முத்துவீரனும் பார்த்தான். காலோடு சேர்த்துப் புத்தியும் கெட்டுவிட்டதோ என்று கவலைப்பட்டான் போலிருக்கிறது. அன்றைக்கு அவளுக்குப் பிடித்த காராச்சேவு வாங்கி வந்தான்.

சருகு போட்டாயிற்று. இனி என்ன வைப்பது? மறுபடி ஏலமா? இன்னாசியம்மாள் கொண்டுவரத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் சங்கிலியம்மாள் இந்த முறை அவசரப்படவில்லை. மலையின் நிழல் நனைந்த நிழல். இது காய்ந்த நிழல். எவ்வளவு போர்த்தினாலும் பள்ளத்தாக்கு மலையாகிவிடாது. இங்கேயே, யாரும் தண்ணீர் ஊற்றாமல், நிழலிலேயே நிற்கிறது எதுவோ அதைத்தான் கேட்க வேண்டும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னாசியம்மாள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் இருவரும் ஊருக்கு மேற்கே ஓடைக்கரைக்கு நடந்தார்கள். ஓடையில் தண்ணீர் இல்லை. மணல் கொதித்தது. சங்கிலியம்மாள் ஒவ்வொரு உடைமரமாக நின்று, குனிந்து, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். வெயிலில் நின்ற எதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னத்தத் தொலைச்சேடி?" என்றாள் இன்னாசியம்மாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே.

"இரு. பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கேன்."

உடைமரத்தடியில், முள்ளுக்குள், மருள் நின்றது. கத்தி போன்ற இலை, பச்சையில் வெளிறிய வரி. சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்க, அது மட்டும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றது. கள்ளிவேலியின் நிழற்பக்கம் பிரண்டை கணுக் கணுவாகத் தொங்கியது. ஒரு பழைய வேம்பின் மேல் சீந்தில் கொடி ஏறி, இலையெல்லாம் உதிர்ந்து வெறும் கயிறாகக் கிடந்தது. இன்னாசியம்மாள் அதை ஒடித்தாள். உள்ளே பச்சை. "அடி ஆத்தே, செத்துக் கெடக்குன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

அந்த மூன்றையும்தான் சங்கிலியம்மாள் கொண்டுவந்தாள். சருகை விலக்கி, சுவரடியில் மருள் கிழங்கை வைத்தாள். மூலையை அடுத்த கொல்லை வேலிப்பக்கம் பிரண்டை. வேப்பமரத்துத் தூரில் ஒரு முழத் துண்டாக நான்கு சீந்தில் குச்சி. நட்டுவிட்டுச் சருகை மறுபடி மூடினாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு செம்புத் தண்ணீர், அவ்வளவுதான். சித்திரை வெயில் ஊரையே வறுத்தது. நடுவில் ஒரே ஒரு கோடைமழை, அதுவும் அரைமணி நேரம். அவள் நட்ட குச்சிகள் நட்டபடியே நின்றன. வளரவும் இல்லை, சாகவும் இல்லை. வெறும் குச்சியைப் பார்த்து அது உயிரோடு இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? வைகாசி நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மரம் போய்விட்டால் எங்கே போய் உட்காருவாள்? ஷெட்டின் தகர நிழலிலா?

ஒருநாள் விடிகாலை ஜீப் ஹார்ன் கேட்டு எழுந்தவள், படுக்கப் பிடிக்காமல் மூலைக்குப் போனாள். கம்பால் தட்டிவிட்டு, குனிந்து சருகை ஒரு பிடி விலக்கினாள்.

வாசம் எழுந்தது.

அப்படியே நின்றுவிட்டாள். ஜீப்பிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது வருகிற அதே வாசம். ஏலமும் இல்லை, காபியும் இல்லை. மக்கிக்கொண்டிருக்கிற சருகு. அடியில் ஈரத்தோடு மெதுவாகக் கறுத்துக்கொண்டிருக்கிற சருகு. இத்தனை நாளாக ஏலத்துக்கு ஏங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு இதற்குத்தான் ஏங்கியிருக்கிறாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வலிக்கிற காலோடு தரையில் மண்டியிட்டு, இரண்டு கையிலும் சருகை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டாள். ஜீப்பின் சத்தம் கம்பம் ரோட்டில் தேய்ந்து மறைந்தது. அதை அவள் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

கையை எடுத்தபோது சீந்தில் குச்சியின் கணுவில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது.

வைகாசி பத்தாம் தேதி வாக்கில் ஒச்சாண்டி வந்தான். அரிவாள், ரம்பம், தோளில் வடக்கயிறு. முத்துவீரன்தான் வரச்சொல்லியிருந்தான். அந்த மூலையை அவன் எட்டிப் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது. தை மாதம் மிளகுக்கொடி செத்ததோடு விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தான். ஒச்சாண்டியைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்தவன் நின்றான்.

சுவரடியில் மருள் இரண்டு மூன்று குருத்து விட்டிருந்தது. பிரண்டை வேலியைப் பிடித்திருந்தது. சீந்தில் வேம்பின்மேல் இரண்டு முழம் ஏறி, அரசிலையைச் சின்னதாக்கினாற்போல இலை விட்டிருந்தது. மரத்தடியில் சங்கிலியம்மாள் நின்றாள்.

முத்துவீரன் சுதாரித்துக்கொண்டான். "இதெல்லாம் கள்ளிக்காட்டுல தானா கெடக்குறது. இது ஒரு செடியா?"

"என்ன செடின்னு நீங்க சொல்லலையே. ஏதாச்சும் ஒண்ணு உசுரோட நின்னாப் போதும்னுதான சொன்னீக. மூணு நிக்கிது."

ஒச்சாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். புருஷன் பெண்சாதி வழக்குக்குள் மாட்டிக்கொள்ள விருப்பமில்லாமல் அரிவாள் நுனியால் சருகைக் கிளறிக்கொண்டிருந்தான். திடீரென்று குனிந்தான். "அண்ணே, இங்கன ஈரம் நிக்கிது."

"ஈரமா? வைகாசியிலயா?"

முத்துவீரன் வந்து உட்கார்ந்தான். சருகுக்கு அடியில் கைவிட்டு ஒரு பிடி மண்ணை எடுத்தான். கறுப்பாக, பொலபொலவென்று வந்தது. ஒரு மண்புழு விரலிடுக்கில் நெளிந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார் போட்டும் அவன் திராட்சைப் பந்தலின் அடியில் இந்த மாதத்தில் இப்படி மண் கிடையாது. மண்ணைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிடித்த மண்ணை உதறாமல் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் கெளம்பட்டுமாண்ணே?" என்றான் ஒச்சாண்டி.

முத்துவீரன் பதில் சொல்லுமுன் சங்கிலியம்மாள் சொன்னாள்: "வந்தது வந்தீக தம்பி, கயித்தப் போட்டு ஏறுங்க. சாரலுக்கு முந்தி கொப்புக் கழிக்கணும்."

"எந்தக் கொப்பு மதினி?"

"கெழக்க பாத்ததுல மூணுக்கு ஒண்ணு. உச்சியத் தொடாதீக. காலை வெயிலு உள்ள வரணும், உச்சி வெயிலு வரக் கூடாது." அண்ணாந்து, கண்ணுக்கு மேல் கைவைத்து, மரத்தைச் சுற்றி நடந்தாள். நொண்டிக்கொண்டுதான் நடந்தாள், ஆனால் குரல் நொண்டவில்லை. "அது இல்ல தம்பி, அதுக்கு மேல. ஆங், அதுதான். அடியோட வெட்டாம ஒரு சாண் விட்டு வெட்டுங்க. போதும், அடுத்ததுக்கு வாங்க." ஒச்சாண்டி சொன்னபடி நகர்ந்தான். ஒவ்வொரு கொப்பு விழும்போதும் மூலைக்குள் ஒரு துண்டு வெளிச்சம் இறங்கியது.

முத்துவீரன் கையில் மண்ணோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. அவனுக்குத் தெரிந்த சங்கிலி இருட்டில் எழுந்து போகிறவள், இருட்டில் களைத்து வருகிறவள். நடுவில் இருந்த பகல் முழுவதும் அவள் எங்கே இருந்தாள் என்று ஒருநாளும் அவன் யோசித்ததில்லை. மலைக்கு ஒருதரம்கூடப் போய்ப் பார்த்ததில்லை.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

அவள் மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "இருபத்தேழு வருஷமா நான் எங்க போயிட்டு வந்தேன்னு நெனச்சீக?"

அவன் மண்ணை எடுத்த இடத்திலேயே போட்டான். எழுந்து, விழுந்து கிடந்த கொப்பிலிருந்து தழையை உருவி, இரண்டு கையாலும் அணைத்து அள்ளினான்.

"இத எங்கன போட?"

"மரத்துத் தூரச் சுத்திப் போடுங்க. மண்ணு தெரியக் கூடாது."

போட்டான். திரும்பப் போய் இன்னொரு கை அள்ளி வந்து போட்டான். பிறகு நிமிர்ந்து, வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் ஆள்போல அவளைப் பார்த்தான்.

"போதுமா?"

சங்கிலியம்மாள் வந்து குனிந்து பார்த்தாள். "இல்ல, இங்கன தெரியுது. இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்றாள்.